பெற்றோர் கையொப்பம் இல்லாத விண்ணப்பங்கள்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘நம் மாணவரும் உயர்கல்வியும்’ என்பது. தலைப்பு பெரிது, நேரமோ அரைமணி. ஆகவே அதனுள் அடங்கிய ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளத் தலைவர் அவர்களிடம் முன்னரே இசைவு பெற்றிருக்கிறேன். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகள், அவர்கள் இருந்தும் இல்லாதவர்போல் ஆகிவிட்ட பிள்ளைகள், இதுதான் என் வீடு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாத பிள்ளைகள், இவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பின்னர்க் கல்லூரிக்குச் செல்வதற்குப் பொருள் எங்கே இருக்கிறது, இருந்தும் அது ஏன் இவர்கள் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதே நான் பேச விரும்பும் பொருள்.

கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் எதனை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். தந்தை பெயர், தந்தையின் தொழில், பெற்றோரின் ஆண்டு வருமானம், பெற்றோர் கையொப்பம், பெற்றோரின் கைபேசி எண் என்று வரிசையாகக் கேட்கும். படிவத்தை வகுத்தவர் தீய எண்ணத்தோடு வகுக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் ஒருவர் இருப்பார் என்று அவர் எண்ணிவிட்டார். அவ்வளவே. ஆனால் அந்த எண்ணத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை நாம் நம் ஊரிலேயே கண்டோம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்ததை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, கருணாபுரத்திலும் மாதவச்சேரி, சேஷசமுத்திரம் ஆகிய ஊர்களிலும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் நம்மவர். கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து இறந்த வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் எஞ்சியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

(இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். அந்நாள்களில் கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று எழுதாத செய்தித்தாள் இல்லை. மெத்தனால் மலையில் விளைவதன்று, ஆலைகளிலிருந்து வருவது. மலையிலிருந்து நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி எழுத அத்தாள்களில் இடம் இருந்ததில்லை.)

அம்மாதமே தமிழக முதலமைச்சர் சில உதவிகளை அறிவித்தார். இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை மாதம் 5,000 ரூபாய். அவர்கள் பெயரில் ஐந்து இலட்சம் ரூபாய் நிலை வைப்பு, பதினெட்டு வயது நிறைந்ததும் வட்டியுடன் தரப்படும். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வைப்பு. பட்டப்படிப்பு வரையில் கல்விச் செலவும் விடுதிச் செலவும் அரசினுடையது. குறை சொல்ல இயலாத அறிவிப்பு இது. கொரோனாக் காலத்தில் 2021-இல் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு வகுத்த முறையை ஒட்டி அமைந்தது.

ஆயினும் கணக்காசிரியர் கண்ணோடு இதைச் சற்றுப் பாருங்கள். மாதத் தொகை பதினெட்டு வயதில் நின்றுவிடுகிறது. ஒரு பிள்ளை கல்லூரிக்குள் கால் வைப்பது பதினேழு அல்லது பதினெட்டு வயதில். 2024-இல் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளைக்குக் கல்லூரி தொடங்கும் வேளையில் மாதத் தொகை நிற்கிறது. அதே வேளையில் ஐந்து இலட்சம் கைக்கு வருகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை கையில் ஐந்து இலட்சம்! அன்றுவரை எட்டிப் பாராத உறவெல்லாம் அன்று வாசலில் வந்து நிற்கும். வீட்டுக்கு ஓடு மாற்றலாம் என்பார் ஒருவர். அக்காள் திருமணத்திற்குக் கைம்மாற்றாகக் கொடு என்பார் மற்றொருவர். இரு சக்கர வண்டி வாங்கினால் கல்லூரிக்குப் போய்வர வசதி என்று நண்பன் சொல்வான். இவர்களில் எவரும் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்தில் அந்தப் பணம் போய்விடும்.

நூற்றுக்கு ஏழு வட்டி என்று வைத்துக்கொண்டால் ஐந்து இலட்சத்திற்கு ஆண்டுக்கு 35,000 ரூபாய். மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய். முதலைத் தொடாமல் மாத வட்டி பெறும் வைப்பாக மாற்றிக்கொண்டால், மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கான கைச்செலவு அதிலேயே நடந்துவிடும். படிப்பு முடியும் நாளில் முதல் அப்படியே இருக்கும். இதனை அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்பே உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். வங்கி மேலாளர் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் அது வேலையன்று. 2024-இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 2032-இல் பதினெட்டு வயது நிறையும். அதுவரை கருணாபுரத்தின் கதை எவர் நினைவில் இருக்கும்? அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்த ஆண்டும், பதினெட்டு நிறையும் மாதமும் நம் சங்கத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது என் முதல் விண்ணப்பம்.

இனி, பெருநிகழ்வு எதுவும் நேராமல் ஆதரவிழந்த பிள்ளைகளைப் பார்ப்போம். இவர்களே எண்ணிக்கையில் மிகுதி. இவர்களைப் பற்றி எந்த அறிவிப்பும் வராது.

கல்வராயன் மலையின் வரலாறு நீங்கள் அறிந்ததே. 1976 வரையில் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்தே அங்குள்ள மக்கள் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தனர். பட்டா, பதிவேடு, பிறப்பு இறப்புச் சான்று ஆகியவை கீழ்நாட்டில் நூறாண்டுப் பழக்கம். மலையில் அவை நேற்று வந்தவை. சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதும் இக்குறைகளின் பொருட்டே. பிழைப்புக்காகக் கேரளத்திற்கும் கருநாடகத்திற்கும் குடும்பத்தோடு செல்வோர் பலர். பிள்ளையை ஆயாவிடம் விட்டுச் செல்வர். சென்ற இடத்தில் ஒருவர் இறந்துவிட்டால், உடலைக் கொண்டுவருவதே பெரும்பாடு. சான்று வாங்கிவர யாருக்குத் தோன்றும்?

சில ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். தந்தை வெளிமாநிலத்தில் மர வேலையின்போது இறந்துவிட்டார். தாய் வேறொருவரோடு வாழச் சென்றுவிட்டார். வளர்த்தவர் ஆயா. வருமானச் சான்றுக்காக ஓர் அலுவலகத்திற்குச் சென்றபோது, தந்தையின் இறப்புச் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆயா வீட்டிலிருந்து மாலையிட்ட படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள் என்று அந்த மூதாட்டி என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. தாம் எதைத் தவறாகச் செய்தோம் என்ற குழப்பமே இருந்தது.

பிறப்பும் இறப்பும் அது நிகழ்ந்த இடத்தில்தான் பதியப்பட வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே வெளிமாநிலத்தில் நேர்ந்த இறப்பைக் கள்ளக்குறிச்சியில் பதிய இயலாது. இறந்த இருபத்தொரு நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள நடுவரின் ஆணை வேண்டும். அந்த மாணவியின் சிற்றப்பா ஒருவர் இருமுறை அம்மாநிலத்திற்குச் சென்று, மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடி, சான்று வாங்கி வருவதற்குள் அவ்வாண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது. மறு ஆண்டே அவள் கல்லூரியில் சேர்ந்தாள். ஓர் ஆண்டு போயிற்று. இந்த ஓராண்டுக்குள் திருமணம் செய்து வைத்துவிடுவோம் என்று உறவினர் பேசத் தொடங்கியிருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு ஓராண்டுத் தாமதம் என்பது பல வேளைகளில் படிப்பின் முடிவேயாகும்.

சான்றிதழ்களின் வேறு சில முடிச்சுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களில் எவருக்கேனும் பயன்படலாம். ஆதிதிராவிடர் வகுப்புச் சான்றை வட்டாட்சியர் தருகிறார். மலையாளி உள்ளிட்ட பழங்குடியினருக்கு அதனைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும், விசாரணை நீளும். பெற்றோரின் வகுப்புச் சான்று இருந்தால் விசாரணை எளிது. பெற்றோர் இறந்து அவர்களுடைய காகிதங்களும் குடிசையோடு போயிருந்தால் அரிது. இதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் தேடப் புறப்படுவது அறிவுடைமையாகாது. ஆறாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

சாதி இன்னதென்றே தெரியாமல் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைக்கும் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பேணுவார் எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இனமாகவே சேர்த்திருக்கிறார்கள். இது பலருக்குத் தெரியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. தாயும் தந்தையும் ஆதிதிராவிடர் என்று ஊரறிந்த பிள்ளையை, வேலை எளிதாக முடியும் என்பதற்காக இந்தப் பட்டியலில் தள்ளிவிடக்கூடாது. அவனுக்கு உரிய இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் அத்தோடு போய்விடும்.

கைபேசி என்னும் சிக்கல் என் போன்ற பழைய காலத்தவர் எதிர்பாராதது. பிள்ளையின் ஆதார் அட்டை தந்தையின் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். தந்தை இறந்த பின் அந்த எண்ணுக்குப் பணம் போடுவார் இல்லை. எண் வேறொருவருக்குப் போய்விடும். விண்ணப்பிக்கும் நாளில் வரவேண்டிய கடவுஎண் முகமறியாத யாரோ ஒருவருக்குச் சென்றுகொண்டிருக்கும். வங்கிக் கணக்கும் அவ்வாறே. பள்ளியில் படிக்கும்போது காப்பாளரோடு சேர்த்துத் தொடங்கிய கணக்கைப் பதினெட்டு நிறைந்ததும் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கணக்கு முடங்கும். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருந்தால், ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக்கே உதவித்தொகை போகும். பணம் வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த ஒரு மாணவனுக்கு, அவன் மறந்தே போன வேறொரு கணக்கில் அது ஏழு மாதமாகக் கிடந்தது.

பின் மெட்ரிக் கல்வி உதவித்தொகையைப் பற்றி இச்சபையில் விளக்கத் தேவையில்லை. வைசிராயின் நிருவாகக் குழுவில் டாக்டர் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கியது அது. அவர் அதற்காக வாதாடியதில் வியப்பில்லை. அவருடைய தாயார் அவர் சிறுவனாயிருந்தபோதே இறந்தார். அத்தை மீராபாய் வளர்த்தார். 1913 பிப்ரவரியில் தந்தையாரும் இறந்தார். அவ்வாண்டு நடுவில் அவர் நியூயார்க்கு நகரின் கொலம்பியப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது, தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பரோடா மன்னர் மூன்றாண்டுக்கு வழங்கிய மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை ஒன்றே துணை. நம் மேடைகளில் அவரைச் சட்ட மேதை என்கிறோம். பெற்றோரை இழந்து உதவித்தொகையில் படித்த மாணவர் என்று சொல்வதில்லை. விடுதியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

இத்திட்டத்திற்கு மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாய். விடுதியில் தங்கிக் கலைப் பட்டப்படிப்புப் படிக்கும் ஆதிதிராவிட மாணவனுக்குப் பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதாவது மாதம் 500. வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் வரும் பிள்ளைக்கு அது கைச்செலவு. வீடே இல்லாத பிள்ளைக்கு அதுவே சோப்பு, எண்ணெய், பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம்.

2010-இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளில் ஒரு வாசகம் இடம்பெற்றது. தாய் தந்தை இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் அவருடைய வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அண்ணன் சம்பாதிக்கிறான், மாமன் சம்பாதிக்கிறான் என்று சேர்க்கக் கூடாது. இருவரும் இறந்திருந்தால், படிக்க வைக்கும் காப்பாளரின் வருமானத்தைப் பார்க்க வேண்டும். பொருளீட்டிய பெற்றோர் ஆண்டின் நடுவில் இறந்து, அதனால் குடும்ப வருமானம் வரம்புக்குள் வந்தால், இறந்த மாதத்திலிருந்தே மாணவன் தகுதி பெறுகிறான். கடைசி நாள் கடந்திருந்தாலும் அவன் விண்ணப்பத்தை இரக்கத்தோடு ஏற்கலாம். எத்துணை நல்ல வாசகம்! எழுதியவர் எந்த ஊரினரோ, அவர் வாழ்க. ஆனால் கருமம் நடப்பது வேறு. தந்தை இறந்த மூன்றாம் மாதம் கல்லூரி அலுவலகத்தில் சென்று நிற்கும் பிள்ளைக்கு ‘இணையதளம் மூடிவிட்டது’ என்ற விடையே கிடைக்கிறது. அந்த வாசகத்தை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால் மறுப்பார்கள். எழுதிக் கேட்டால் எழுதி மறுக்க எவரும் எளிதில் துணிவதில்லை.

அமெரிக்க நாட்டில் இதே தொல்லை இருந்தது. கல்லூரி உதவிக்கு அங்கும் பெற்றோர் வருமானத்தைக் கேட்பார்கள். 2007-இல் அவர்கள் ஒரு சட்டம் இயற்றினார்கள். பதின்மூன்று வயதுக்குப் பின் பெற்றோரை இழந்தவர், வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர், வீடின்றித் தனித்து வாழும் இளைஞர் ஆகியோரைத் ‘தற்சார்பு மாணவர்’ என்று கொண்டு, பெற்றோர் வருமானத்தைக் கேட்கவே கூடாது என்றாயிற்று. வீடின்றி இருப்பதற்குச் சான்று தருபவர் யார் தெரியுமா? அப்பிள்ளை படித்த பள்ளிப் பகுதியில் அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலர். நம் நாட்டில் தலைமையாசிரியர் தரும் சான்று, பிள்ளை இப்பள்ளியில் படித்தான் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆறாண்டு, ஏழாண்டு அவனை நாள்தோறும் பார்த்தவர் நாங்கள். அவனுக்குப் பெற்றோர் கூட்டத்திற்கு எவரும் வந்ததில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் சொல்லுக்கு வருவாய்த் துறையில் ஒரு மதிப்பு இருக்குமாறு அரசாணை ஒன்று வேண்டும் என்று நம் சங்கம் கேட்க வேண்டும்.

அரசு இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு உள்ளது. பதினெட்டு நிறைந்து இல்லத்தைவிட்டு வெளியேறும் இளைஞனுக்கு இருபத்தொரு வயதுவரை, சிறப்பு நிலையில் இருபத்துமூன்று வரை, பொருளுதவி செய்யலாம். 2022-இல் வந்த மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இது மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே இதற்கு அலுவலகம். பதினெட்டு நிறைவதற்கு முன்பே திட்டம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும்; வெளியே வந்து ஆறு மாதம் கழித்துப் போனால், அவன் யாரென்றே அறியாத புதிய அலுவலர் அங்கே அமர்ந்திருப்பார்.

ஆனால் இந்த உதவி, இல்லத்தில் தங்கியிருந்தவனுக்கே உரியது. கூழ் காய்ச்சி ஊற்றி வளர்த்த ஆயாவின் குடிசையில் இருந்த பிள்ளைக்குப் பதினெட்டு வரை நிதி ஆதரவு கிடைக்கலாம், அதன்பின் இல்லை. இல்லத்தில் சேர்த்திருந்தால் உதவி, பாசத்தோடு வளர்த்ததால் உதவியில்லை என்றால் இது என்ன நியாயம்? மாநில அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்தது. இருவரையும் இழந்தவர் மட்டுமின்றி, ஒருவரை இழந்து மற்றவரால் கைவிடப்பட்டவர், எஞ்சியவர் சிறையிலோ தீராத நோயிலோ இருப்பவர் ஆகியோருக்கும் மாதம் 2,000 ரூபாய் என்று அது வகுத்தது. பள்ளிப் படிப்புக்குப் பின் உயர்கல்விக்கும் துணை செய்வதாகக் கூறியது. அதிலும் மாதத் தொகைக்கு எல்லை பதினெட்டு வயதே. சட்டம் எழுதுவோருக்குப் பதினெட்டு என்னும் எண்ணின்மேல் ஏனோ இவ்வளவு பற்று. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பதினெட்டாவது பிறந்தநாளன்று நாம் தெருவில் விட்டுவிடுகிறோமா?

விடுதியைப் பற்றி ஒரு சொல். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025-இல் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்று. பொங்கல் விடுமுறையும் கோடை விடுமுறையும் வந்தால் விடுதிக் கதவு பூட்டப்படும் என்பது மட்டும் மாறவில்லை. மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு ஓடும்போது, ‘எனக்கு நாளை போகிறேன், ஐயா’ என்று சொல்லிக் காவலரிடம் கெஞ்சிக்கொண்டு ஒருவன் நிற்பான். எங்கே போவான்? சிற்றப்பா வீட்டில் நான்கு நாள் தங்கலாம். நாற்பது நாள் தங்க இயலுமா? கட்டட வேலைக்குப் போகும் மேஸ்திரியோடு சேர்ந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றுவிடுகிறான். கையில் கூலி புழங்கத் தொடங்கியதும், ஜூன் மாதம் கல்லூரிக்குத் திரும்பி மாதம் ஐந்நூறு ரூபாய்க்காகக் காத்திருக்க அவனுக்கு மனம் வருவதில்லை. நம் பகுதியில் கல்லூரிப் படிப்பை இடையில் விட்ட ஆதரவற்ற பிள்ளைகளில் நான் அறிந்த அளவில் பாதிக்கு மேற்பட்டோர், தேர்வில் தோற்று நின்றவர் அல்லர். விடுமுறையில் போய்த் திரும்பாதவர்கள்.

இன்னும் ஒன்று. பெற்றோரை இழந்த பிள்ளையை உறவினர் நல்லெண்ணத்தோடு தனியார் ஆங்கிலப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இழப்பீட்டுப் பணம் கையில் இருக்கிறதல்லவா! ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்களுக்கும் அரசுப் பள்ளிப் படிப்போ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழிப் படிப்போ அடிப்படைத் தகுதியாக வகுக்கப்பட்டது. இரண்டாண்டு தனியார் பள்ளிக்குப் போனதால் இவற்றை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியன். என் கடைக்கு ஆள் சேர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கைச் சொல்கிறேன். சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியைப் பேருந்தில் கடக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது.

கல்விக் கடனை நம்பலாமே என்பார் சிலர். வங்கி அதற்கும் பெற்றோரையோ காப்பாளரையோ கூட்டுக் கடனாளியாகக் கேட்கிறது. எழுபது வயது ஆயாவைக் கடனாளியாக ஏற்க எந்த வங்கியும் விரும்பாது. ஆகவே இதை நான் மேலும் பேசவில்லை.

பெரியோர்களே, நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கு இது புதிய வேலையன்று. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது அரசின் உதவித்தொகையும் இல்லை, இணையதளமும் இல்லை. பிள்ளைக்கு முதலில் தங்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும், பிறகே பாடம் என்று அவர் கண்டார். இன்று சோற்றுக்கும் பாடத்திற்கும் அரசு பணம் வைத்திருக்கிறது. அப்பணத்திற்கும் பிள்ளைக்கும் இடையே இருக்கும் பத்துப் பன்னிரண்டு காகிதங்களையும், கோடை விடுமுறையின் நாற்பது நாள்களையும் கடத்திவிடுவதே நமக்கு எஞ்சியிருக்கும் வேலை.

ஆதலின் சங்கத்தின் செயற்குழு முன் நான் வைக்க விரும்புவன இவை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஆதரவற்ற பிள்ளை ஒவ்வொருவருக்கும் சங்கத்தில் ஒரு கோப்புத் திறக்கப்பட வேண்டும். அதில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வகுப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு யாவும் பதினோராம் வகுப்புக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வருவாய்த் துறையினரும் நம் சங்கத்தில் குறைவின்றி இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டால் போதும். கைபேசி எண் கேட்கும் இடத்தில் அவர் எண்ணைக் கொடுக்கலாம். கல்லூரியில் ‘உன் வீட்டாரை அழைத்து வா’ என்றால் அவர் போய் நிற்கலாம்.

அடுத்து, உதவித்தொகை ஆண்டின் இறுதியில் வருகிறது; கட்டணமும் புத்தகமும் ஜூன் மாதத்தில் வேண்டும். அந்த இடைவெளியில்தான் வட்டிக்குக் கொடுப்பவன் உள்ளே வருகிறான். வெள்ளி விழாவையொட்டி அலங்கார வளைவு ஒன்று கட்டுவதற்குத் தொகை ஒதுக்கியிருப்பதாக அறிகிறேன். வளைவு வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அத்தொகையை ஒரு சுழல் நிதியாக வைத்து, ஜூனில் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டால், ஆண்டுதோறும் பல பிள்ளைகளுக்கு அதே பணம் பயன்படும் என்பதைச் செயற்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

இறுதியாக, இந்தக் கட்டடத்தின் பின்புறம் இரண்டு அறைகள் பழைய நாற்காலிகளோடு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றை ஆண்பிள்ளைகளுக்கு விடுமுறைக் காலத்தில் திறந்துவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அவர்களை விடுமுறையில் தம் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வரும் ஆசிரியைமார்களின் பெயர்களைக் குழந்தைகள் நலக் குழுவின் அறிவோடு எழுதி வைக்க வேண்டும். இருவர் நேற்றே என்னிடம் இசைவு தெரிவித்திருக்கிறார்கள். வரும் கோடைக்கு விடுதி பூட்டும் நாள் ஏப்ரல் இறுதியில் வரும். அதற்குள் அறையை வெள்ளையடித்து, மின்விசிறி பொருத்தி, பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். அச்செலவுக்கு என் பங்காக ஒரு மாத ஊதியத்தில் பாதியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.